தறியும் கடையும்

நுழையும்முன்

விலையுயர்ந்த பட்டுப்புடவை ஒன்றைக் கையில் எடுப்பவர் முதலில் அதன் நிறத்தைப் பார்க்கிறார். பிறகு விலைச்சீட்டைப் பார்க்கிறார். அதன்பின் கடையின் பெயரை நினைத்து மனநிறைவு கொள்கிறார். அப்புடவை எந்த ஊரில், யாருடைய தறியில் உருவானது என்னும் கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. உயர்விலை ஆடைகளை விற்கும் கடையை நடத்துவோரின் தொழில்வாழ்வு எத்தகையது? அவர்கள் எதை விற்கிறார்கள்? நெய்தவர்க்கும் உடுத்துபவர்க்கும் இடையில் நிற்கும் அவர்களுடைய கடமை யாது? ஆரணியின் தறிகளிலிருந்து சென்னையின் கடைவீதிவரை சென்று இக்கேள்விகளை ஆராய்கிறது இக்கட்டுரை.

பட்டும் அரிசியும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த ஆரணி, இரண்டு பொருள்களால் தமிழகமெங்கும் அறியப்பட்ட ஊர். ஒன்று அரிசி, மற்றொன்று பட்டு. 1751ஆம் ஆண்டில் இராபர்ட் கிளைவின் படை போரிட்ட களம் என வரலாற்று நூல்கள் ஆரணியைக் குறிப்பிடும். ஆயினும் ஊரின் பெயரை மக்கள் நாவில் நிலைநிறுத்தியது போர் அன்று, நெசவு. ஆரணி நகரிலும், அதனைச் சூழ்ந்த தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு முதலிய ஊர்களிலும் தறியின் ஓசை வீட்டின் ஓசையாகவே கலந்துள்ளது. புவிசார் குறியீடு பெற்ற தமிழகக் கைவினைப் பொருள்களுள் ஆரணிப் பட்டும் ஒன்று.

பட்டு நெசவு ஒருவரால் முடியும் வேலையன்று. ஒரு பட்டுக்கூட்டிலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் நீளமுள்ள மெல்லிழை கிடைக்கிறது. அத்தகைய இழைகள் பலவற்றைச் சேர்த்து முறுக்கி நூலாக்க வேண்டும். பசை நீக்கிச் சாயம் ஏற்ற வேண்டும். பாவு ஓட்ட வேண்டும். விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கட்டி, அறுந்த இழைகளை இணைத்துச் சீர்செய்ய வேண்டும். வீட்டுப் பெண்கள் ராட்டையில் தார் சுற்றித் தருவார்கள். இத்தனையும் முடிந்த பிறகே நெசவாளர் குழித்தறியில் அமர்ந்து மிதியை மிதிக்கிறார். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமையும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். அருகில் அமர்ந்து ஒரு நாடாவைத் தள்ளித்தர மற்றொருவரின் துணையும் வேண்டும். வேலைப்பாட்டுக்கு ஏற்பப் பல நாள்களோ சில வாரங்களோ கழிந்த பின்னரே ஒரு புடவை தறியிலிருந்து இறங்குகிறது.

இறங்கிய புடவை நெசவாளரின் வீட்டில் தங்குவதில்லை. பெரும்பாலான நெசவாளர்களுக்குப் பட்டு நூலையும் ஜரிகையையும் முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ தருகிறது. புடவைக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படுகிறது. நெய்து முடித்ததும் புடவை கைமாறுகிறது, கூலி கிடைக்கிறது, அடுத்த பாவு தறியில் ஏறுகிறது. அதன்பிறகு அப்புடவை எந்த நகரத்தில், என்ன விலைக்கு, யாருடைய திருமணத்திற்காக விற்கப்பட்டது என்பதை நெய்தவர் அறியும் வாய்ப்பு மிகக் குறைவு. தறி முடிந்த இடத்தில் கடை தொடங்குகிறது.

பனகல் பூங்காவின் அருகே

தமிழகத்தில் உயர்விலை ஆடை வணிகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் சென்னைத் தியாகராய நகரைத் தவிர்க்க இயலாது. 1920களில் ஏரியும் தோப்புமாக இருந்த நிலத்தில் புதிதாக எழுந்த குடியிருப்பு அது. அங்குப் பனகல் பூங்காவின் அருகே 1928ஆம் ஆண்டில் நல்லி சின்னசாமி செட்டியார் ஒரு பட்டுக்கடையைத் தொடங்கினார். அவர் காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தறியைப் பற்றி அறிந்த குடும்பம் கடைக்குள் நுழைந்தது என்பதே இவ்வரலாற்றில் கருதத்தக்க செய்தி.

அன்று மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் சென்னையின் பழைய கடைவீதிகளாக இருந்தன. வீடுகளே முழுமையாக எழும்பாத ஒரு புறநகரில் பட்டுக்கடை வைப்பது துணிவான முடிவு. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. மாம்பலம் நிலையத்தில் இறங்கி வருவோர்க்கு அப்பகுதி எளிதில் எட்டும் இடமாயிற்று. ஊர் வளர்ந்தது, ஊரோடு கடையும் வளர்ந்தது.

நிறுவியவரின் பேரர் நல்லி குப்புசாமி செட்டியார் 1956இல், பதின்பருவத்திலேயே, கடைப்பொறுப்பை ஏற்றார். ஒரே இடத்தில் இருந்த குடும்பக்கடை அவர் காலத்தில் இந்தியாவின் பல நகரங்களுக்கும், சிங்கப்பூர், அமெரிக்கா ஆகிய அயல்நாடுகளுக்கும் பரவியது. இசைச் சபைகளின் புரவலராகவும் நூலாசிரியராகவும் அவர் அறியப்பட்டார். 2003இல் பத்மஸ்ரீ விருதும், 2025இல் பத்மபூஷண் விருதும் அவருக்கு அறிவிக்கப்பட்டன. துணி விற்பவர் ஒருவர் தமிழ்ப் பண்பாட்டு வாழ்விலும் இடம்பெறுவது புதியதன்று. சங்கப் புலவர்களுள் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றொருவர் இருந்தார். 'அறுவை' என்பது ஆடையைக் குறிக்கும் பழஞ்சொல். தம் தொழிலின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய துணி வணிகர் அவர்.

கடைக்காரரின் கல்வி

வெளியிலிருந்து பார்ப்போர்க்கு இத்தொழில் குளிரூட்டிய அறையும் கண்ணாடிப் பேழையும் புன்னகையுமாகத் தோன்றும். உள்ளே இருப்பது நெடிய கல்வி. பட்டை விரலால் தொட்டே அதன் தரத்தை உணர வேண்டும். தூய பட்டிழையைத் தீயில் காட்டினால் முடி கருகும் மணம் வரும். எஞ்சும் சாம்பல் விரல்பட்டால் பொடியாகும். செயற்கை இழையோ உருகிக் கட்டியாக உறையும். ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. வெள்ளியின் இடத்தைச் செம்பு பிடித்திருக்கிறதா, உலோகமே இல்லாத நெகிழி இழை மின்னுகிறதா என்பதைப் பிரித்தறியாதவர் ஒரு பருவம்கூடக் கடை நடத்த இயலாது.

அடுத்தது நிறங்களின் கல்வி. அரக்கு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை என்று தமிழர் நிறங்களுக்கு இட்ட பெயர்கள் தோட்டத்திலிருந்தும் பறவைகளிடமிருந்தும் வந்தவை. முகம் பார்த்து நிறம் எடுத்துத் தருவதும், இளம்பெண்ணின் விருப்பத்தையும் அவள் பாட்டியின் விருப்பத்தையும் ஒரே புடவையில் இணைத்துக் காட்டுவதும் எந்தக் கல்லூரியும் முழுமையாகக் கற்றுத்தராத கலை.

மூன்றாவது பொறுமையின் கல்வி. பட்டுக்கடையின் முதல் அலமாரிகளில் உறங்குகிறது. திருமண மாதங்களிலும் தீபாவளியிலும் கூட்டம் நெரியும். மார்கழியில் முகூர்த்தம் இராது. ஆடியில் தள்ளுபடி கொடுத்தே ஆட்களை அழைக்க வேண்டும். விற்பனை இல்லாத மாதத்திலும் வாடகை உண்டு. ஊழியர் ஊதியம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, தறிகளுக்குத் தந்த வாக்குறுதி உண்டு. வாங்குவோர் வரவில்லை என்று தறியை நிறுத்தினால், அடுத்த முகூர்த்தத்தில் நெய்து தர ஆள் இருக்கமாட்டார். ஆகவே, மந்தமான மாதத்தில் ஒரு கடைக்காரர் எடுக்கும் முடிவு, ஆரணித் தெருவொன்றில் அடுப்பு எரிவதையும் எரியாததையும் தீர்மானிக்கிறது.

பாரிசும் லியோனும்

இவ்வுறவு தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. பிரான்சு நாட்டின் லியோன் நகரம் ஐரோப்பாவின் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்றது. இன்று ஆரணித் தறிகளின் மேல் அமர்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியின் மூலவடிவத்தை 1804இல் உருவாக்கிய ஜோசப் மரி ஜக்கார்டு அந்நகரத்தவரே. துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலைப்பாட்டை நெய்யும் அம்முறை, பிற்காலத்தில் கணிப்பொறியின் சிந்தனைக்கும் வழிகாட்டியது. அதே லியோனில் 1831இலும் 1834இலும் பட்டு நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தனர். 1831இல் அவர்களின் முதன்மைக் கோரிக்கை, நெய்யும் துணிக்குக் குறைந்தபட்சக் கூலி உறுதிசெய்யப்பட வேண்டும் என்பது. அவர்கள் நெய்த பட்டு செல்வர் மாளிகைகளில் மின்னியது. அவர்கள் வீடுகளிலோ வறுமை நிலவியது.

கால்நூற்றாண்டு கழிந்தபின், இலண்டன் துணிக்கடைகளில் பணிபயின்ற சார்லஸ் பிரெடெரிக் வொர்த் என்னும் ஆங்கிலேயர், 1858இல் பாரிசில் தம் ஆடையகத்தைத் தொடங்கினார். உயர்விலை ஆடை வணிகத்தின் தந்தை என்று வரலாற்றாசிரியர்கள் அவரைக் குறிப்பிடுவர். அரசி யூஜினி அவருடைய வாடிக்கையாளர். அவர் வாங்கிய பட்டு லியோன் தறிகளுக்கு வேலை தந்தது. அதுவரை வாங்குவோர் சொன்னபடி தைத்துத் தருவதே தையற்காரரின் தொழிலாக இருந்தது. வொர்த் தம் கருத்தில் உருவான ஆடைகளைத் தாமே முன்வைத்தார். அவற்றின் உள்ளே தம் பெயர் பொறித்த பட்டையைத் தைத்தார். கலைஞர் ஓவியத்தில் கையொப்பம் இடுவதுபோல் ஆடையில் கையொப்பம் விழுந்தது. அன்று தொடங்கி இன்றுவரை, உயர்விலை ஆடையின் மதிப்பு துணியில் பாதியும் பெயரில் பாதியுமாக இருக்கிறது.

அப்பட்டையில் கடையின் பெயர் இருந்தது. லியோன் நெசவாளரின் பெயர் இல்லை.

பெயர் யாருக்கு உரியது?

தமிழகத்தில் இதற்கு ஓர் அழகிய விதிவிலக்கு உண்டு. இசையரசி எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்திய ஆழ்ந்த நீலநிறப் புடவை 'எம்.எஸ். நீலம்' என்றே இன்றும் அழைக்கப்படுகிறது. உடுத்தியவரின் பெயர் நிறத்துக்கு ஆகிவந்தது. அதனோடு, அந்நிறத்தை அவருக்காக உருவாக்கியவர் காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் என்னும் செய்தியையும் இசையன்பர்கள் மறக்கவில்லை. உடுத்தியவரும் உருவாக்கியவரும் ஒரே நிறத்தில் நினைக்கப்படுகிறார்கள்.

ஆனால், பெரும்பான்மை நெசவாளர்க்கு இப்பேறு வாய்ப்பதில்லை. ஆரணிக்கு மற்றொரு குறையும் உண்டு. 'காஞ்சிப் பட்டு' என்னும் பெயரின் ஒளி மிகப் பெரிது. கடைக்கு வருவோர் அப்பெயரையே கேட்கின்றனர். அவ்வொளியில் அண்டை ஊர்களின் தறிகள் எளிதில் மறைந்துபோகின்றன. ஓர் ஊரின் பெயர் அவ்வூரின் உழைப்புக்கே உரியது என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டதன் அடையாளமே புவிசார் குறியீடு. சட்டம் வழங்கிய பெயரை மக்களிடம் கொண்டுசேர்க்கும் வேலையைக் கடைக்காரர்தாம் செய்ய வேண்டும். "இது ஆரணியில் நெய்தது" என்று விற்பவர் சொல்லும் ஒரு வரிக்கு, விளம்பரப் பலகைக்கு இல்லாத ஆற்றல் உண்டு.

1935இல் தோன்றிய தமிழ்நாடு கைத்தறி நெசவாளர் கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ் இத்திசையில் ஓர் அடி எடுத்துவைத்தது. பட்டுப்புடவையோடு அதனை நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட அட்டையை இணைத்து விற்றது. வாங்குபவர் முதன்முறையாக நெய்தவரின் முகத்தைக் கண்டார். புடவையின் நூல் ஒன்றுகூட மாறவில்லை. ஆயினும் அதன் மதிப்பு கூடிற்று.

தெரியுமா?

* சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊர் எடுத்த காதை, புகார் நகரில் பட்டு, மயிர், பருத்தி ஆகியவற்றால் நுண்ணிதின் நெய்யும் காருகர் வாழ்ந்த இருக்கையைக் குறிப்பிடுகிறது.
* தூய பட்டு என்பதைச் சான்றளிக்கும் பட்டு முத்திரை 2004இல் நடைமுறைக்கு வந்தது. கைத்தறி முத்திரை 2006இல் அறிமுகமானது.
* சுதேசி இயக்கம் 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் தொடங்கப்பட்டதை நினைவுகூர்ந்து, அந்நாள் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகிறது. முதல் விழா 2015இல் சென்னையில் நடைபெற்றது.

மிகைகொள்ளாத வணிகம்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலையைப் போற்றுகிறது. தாம் வாங்கும் பொருளை அளவுக்கு மிகுதியாகக் கொள்ளாமலும், தாம் கொடுக்கும் பொருளை அளவில் குறைக்காமலும் அவர்கள் வாணிகம் செய்தனர் என்கிறது அந்நூல். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இவ்வளவுகோலை இன்றைய பட்டுக்கடைக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

'கொடுப்பதில் குறைக்காமை' என்பது வாங்குவோர்க்குச் செய்யும் நேர்மை. விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்று சொல்லாதிருத்தல்; செயற்கை இழையைப் பட்டு என்று விற்காதிருத்தல். பட்டுப்புடவை உள்ளிட்ட சில வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் 1985இல் இயற்றப்பட்டது. ஆயினும், போலியைச் சட்டம் மட்டும் தடுத்துவிட முடியாது. கடையின் வாயிலில் நிற்கும் மனச்சான்றும் வேண்டும்.

'கொள்வதில் மிகாமை' என்பது நெய்தவர்க்குச் செய்யும் நேர்மை. பேரம் பேசிக் கூலியைக் குறைத்து வாங்கிய புடவையும், உரிய கூலி தந்து வாங்கிய புடவையும் அலமாரியில் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாடு பத்தாண்டுகளுக்குப் பிறகு தெரியும். கூலி கட்டுபடியாகாத வீட்டில் பிள்ளைகள் தறியில் அமரமாட்டார்கள்.

எண்கள் இதையே சொல்கின்றன. இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி 2009-10இல் நெசவாளரும் நெசவு சார்ந்த தொழிலாளருமாக 43.31 லட்சம் பேர் இருந்தனர்; 2019-20இல் அவ்வெண்ணிக்கை 35.22 லட்சமாகக் குறைந்தது. இவர்களில் பத்துப் பேரில் எழுவருக்கும் மேற்பட்டோர் பெண்கள். படித்த இளைஞர் தொழிற்சாலைக்கோ அலுவலகத்துக்கோ செல்வதைக் குறைகூற இயலாது. மாத இறுதியில் உறுதியான ஊதியமும், முதுகுவலி இல்லாத இருக்கையும் யாருக்கும் விரும்பத்தக்கவையே. தறியில் அமர்வது கட்டாயமாக இல்லாமல் தெரிவாக அமையவேண்டுமெனில், அதன் வருவாயும் மதிப்பும் உயரவேண்டும்.

புதிய தலைமுறை

கடைகளிலும் தலைமுறை மாறுகிறது. குப்புசாமி செட்டியாரின் பேர்த்தி லாவண்யா நல்லி, பொறியியல் படித்தவர். ஆர்வர்டு வணிகப் பள்ளியில் மேலாண்மை பயின்றவர். ஆண்களே நடத்திவந்த அக்குடும்பத் தொழிலில் ஐந்தாம் தலைமுறையாக நுழைந்த முதல் பெண் அவர். இளையோரை நோக்கமாகக் கொண்ட கடைகளும் இணையவழி விற்பனையும் அவர் கவனம் செலுத்திய துறைகள். வடஇந்தியாவில் ரிது குமார், 1960களில் கல்கத்தாவுக்கு அருகே மரஅச்சுக் கலைஞர்களைக் கொண்டு சிறிய அளவில் தொடங்கிய பணியைப் பெரும் ஆடையகங்களாக வளர்த்து, 2013இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மறைந்துகொண்டிருந்த கைவினையை மீட்டெடுத்ததே அவருடைய வணிகத்தின் முதலாக அமைந்தது.

ஆடை வடிவமைப்பும் மேலாண்மையும் படித்து, சொந்தமாக ஆடையகம் தொடங்கும் கனவோடு இன்று பல இளைஞர்கள் இருக்கின்றனர். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. அவர்களுக்குத் தறியின் நுட்பம் பிறந்தவீட்டுக் கல்வி. நாடாவின் ஓட்டத்தில் ஓர் இழை அறுந்தால் ஓசையிலேயே கண்டறியும் செவி அவர்களுக்கு உண்டு. கைப்பேசியின் வழியாக உலகம் அவர்களின் திண்ணைக்கே வந்துவிட்டது. தறியிலிருந்து கடைக்குச் செல்லும் பாதையில் நடந்த குடும்பங்கள் முன்பே இருந்தன என்பதை 1928ஆம் ஆண்டின் வரலாறு காட்டுகிறது. புதிதாக நடக்க வேண்டியது ஒன்றே: கடைக்குச் சென்றவர் தறியையும் உடன் அழைத்துச் செல்வது.

உயர்விலை ஆடையகம் நடத்துபவர் விற்பது பட்டையன்று; நம்பிக்கையை. அந்நம்பிக்கைக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒன்றை வாங்குபவரின் கை பற்றியிருக்கிறது. மற்றொன்றை நெய்தவரின் கை பற்றியிருக்கிறது. பாவு இரு முனையிலும் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும் வரைதான் நெசவு நடக்கும். ஒரு முனை தளர்ந்தாலும் நாடா ஓடாது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் அல்லது அருகில் உள்ள கைவினைஞர் ஒருவரைச் சந்தித்து, அவர் உருவாக்கும் பொருள் எவ்வெவ்வழியாக வாங்குபவரைச் சென்றடைகிறது என்பதை வரைபடமாக்குக.
2. 'பொருளின் மதிப்பில் பாதி பெயரில் இருக்கிறது' – இக்கருத்தை ஏற்றும் மறுத்தும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
3. பாவு, தார், நாடா, கோர்வை, மிதி முதலிய நெசவுத்தொழிற் சொற்களைத் தொகுத்து, அவற்றின் பொருளை எழுதுக.